மாதத்தின் சிறந்த கேள்வி

மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை வெண்டல் ட்ராட்மன் தொழிற்சாலைக்கு வரமாட்டான் என்பது ஆப்பிள்டன் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் அங்கே வேலை ஒழுங்காக நடக்கும் என்பது தொழிற்சாலைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

அவன் போவது வட்டம் என்கிற கூட்டத்துக்கு. மொத்தம் ஒன்பது முதலாளிகள். ஒருத்தர் தொழில் இன்னொருத்தர் தொழிலோடு மோதாதபடி பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள். வெண்டல், பனி தள்ளும் லாரிகளுக்கு முன்னால் மாட்டுகிற இரும்புத் தகடு செய்பவன். நார்பர்ட் வாண்டெஹே, சீஸ் ஆலைகளுக்கு எஃகுத் தொட்டி செய்பவன். மைலோ சோப்சாக் சவ அடக்க நிலையம் வைத்திருந்தான். வாடிக்கையாளர் குறைந்துவிடுவார்களே என்ற கவலை அவன் ஒருவனுக்குத்தான் கிடையாது. மற்ற ஆறு பேரை விடுங்கள், அவர்கள் தலையாட்டுவதற்கென்றே வந்தவர்கள்.

வட்டத்தை நடத்துகிறவன் ட்வைட் ஆஸ்ட்ராண்டர். ஒரு காலத்தில் அவனுக்கு இரண்டு கம்பெனிகள் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை. அதைத்தான் அவன் அனுபவம் என்று சொல்லிக்கொள்வான். அவன் கையில் எப்போதும் ஒரு மாட்டுமணி இருக்கும். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்பது வட்டத்தின் முதல் விதி. கேள்வி கேட்கலாம், தனக்கு நடந்ததைச் சொல்லலாம். வாய் தவறி 'நீ இப்படிச் செய்' என்று சொல்லிவிட்டால் மணி அடித்துவிடும். அறையில் இல்லாத யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது விதி. எல்லோரும் எக்ஸ். மனைவியும் எக்ஸ், மருமகனும் எக்ஸ், வருமான வரிக்காரனும் எக்ஸ். உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்பது மூன்றாவது. அவர்கள் கூடுவது சப்பர் கிளப் என்கிற ஒரு சாப்பாட்டு விடுதியின் பின்கூடத்தில் என்பதால், வெள்ளிக்கிழமை மீன் வறுவலின் பழைய வாடை மட்டும் எல்லார் கோட்டிலும் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். அதற்கு விதி ஏதும் இல்லை.

கூட்டம் முடியும்போது ஓட்டெடுப்பு நடக்கும். அந்த மாதத்தின் சிறந்த கேள்வியைக் கேட்டவனுக்குப் பலகையில் அறைந்த ஒரு மரமீனைக் கொடுப்பார்கள். ஒரு மாதம் அவன் சுவரில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். நாலு வருஷமாக வெண்டல் வட்டத்துக்குப் போகிறான். மீன் ஒருமுறைகூட அவன் பக்கம் நீந்தி வரவில்லை. ஆறு தலையாட்டிகளில் ஒருத்தனுக்கு இரண்டு தடவை கிடைத்துவிட்டது. அதை நினைத்தால் வெண்டலுக்குச் சோறு இறங்காது.

போன நவம்பரில் நடுநாற்காலியில் உட்காரும் முறை அவனுக்கு வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் மனதில் அரிக்கிற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வெண்டல் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"என்கிட்ட எக்ஸ்னு ஒருத்தி வேலை பாக்கறா. இருபத்தாறு வருஷமா. கொஞ்ச நாளா முகம் கொடுத்துப் பேசறதில்ல. அவ போயிட்டா என் தொழிற்சாலை ஒரு வாரம் தாங்காது. நிஜமாவே பயமா இருக்கு."

அவன் சொன்னது பெர்னடீன் ஜாஸ்ட்ரோவைப் பற்றி. அப்படிச் சொன்னபோது அவன் குரல் கம்மியதும் பொய்யில்லை. அப்பா செத்துப்போன வருஷம் கணக்கும் தெரியாமல் இயந்திரமும் தெரியாமல் அவன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றபோது, அந்த இடத்தை இழுத்துப் பிடித்து ஓட்டியவள் அவள்தான். அன்றிலிருந்து இன்றுவரை ஓட்டுகிறாள். இவன் முன்சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு வருகிறான்.

வட்டம் அவனை ஒன்றரை மணி நேரம் கேள்விகளால் துளைத்தது. கடைசியில், தினம் பதினைந்து நிமிஷம் எக்ஸ் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறேன் என்று அவன் எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தான்.

"கேளு. தீர்த்து வைக்கப் போயிடாதே," என்றான் ட்வைட். "தலைவன் வழி சொல்றவன் இல்ல. இடம் கொடுக்கறவன்." இது புத்தி சொன்ன கணக்கில் வராதா என்று மைலோ கேட்டான். நடத்துகிறவனுக்கு விதிவிலக்கு உண்டு என்றான் ட்வைட்.

மறுநாளே வெண்டல் ஒரு தோல் நோட்டும் பதினைந்து நிமிஷம் ஓடுகிற மணற்கடிகாரமும் வாங்கிவிட்டான். பெர்னடீனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கடிகாரத்தைக் கவிழ்த்தான்.

"சொல்லு பெர்னி. நான் கேக்கறேன்."

அவள் மணலையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா வெண்டல்?"

"நல்லாத்தான் இருக்கேன். மனசுல இருக்கறத சொல்லு."

"மனசுல என்ன இருக்கு. சரக்கு ஏத்தற கதவோட பூட்டு உறைஞ்சு போகுது. மாத்தணும்னு மூணு குளிர்காலமா சொல்றேன். லாரி அஞ்சரைக்கு வரும். நான் அஞ்சு மணிக்கே வந்து சுடுதண்ணி ஊத்தித் திறக்கறேன்."

வட்டத்தில் சொல்லிக் கொடுத்தபடி, அவள் சொன்னதை வெண்டல் அவளுக்கே திருப்பிச் சொன்னான். "ஆக, அந்தக் கதவு உறையறது உனக்கு வருத்தமா இருக்கு."

"வருத்தம் இல்ல. கதவு உறையுது."

'பெர்னி. கதவு. வருத்தம்,' என்று நோட்டில் எழுதிக்கொண்டான். பூட்டை மாற்றச் சொல்லலாமா என்று ஒரு கணம் கை போனுக்குப் போயிற்று. தீர்த்து வைக்கப் போகாதே என்ற குரல் காதில் விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டான். தலைமைப் பண்பு தனக்குள் துளிர்விடுவதை அப்போதே உணர்ந்தான், மகராசன்.

டிசம்பரில் அவள் இன்னொன்று சொன்னாள். புருஷன் டெல்பர்ட்டுக்கு ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மற்ற நாள் மகள் கூட்டிப் போவாள், புதன்கிழமை மதியம் மட்டும் தனக்கு விடுப்பு வேண்டும். வெண்டலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. 'டெல்பர்ட். புதன். பாரம்,' என்று எழுதினான். அவள் கையைப் பிடித்து, "இதை என்னை நம்பிச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி," என்றான். விடுப்பா, அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மணல் தீர்ந்துவிட்டது.

அப்புறம் அவள் பெரிய விஷயங்கள் பேசுவதை விட்டுவிட்டாள். பதினைந்து நிமிஷமும் வானிலை பேசினாள், ஜன்னலைப் பார்த்தாள். இப்போதெல்லாம் எவ்வளவு இலகுவாகப் பேசுகிறாள் என்று வெண்டல் ட்வைட்டுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

ஜனவரிக் கூட்டத்தில் நார்பர்ட்டின் முறை. நார்பர்ட் நல்லவன், ஆனால் பேச்சு சுருக்கமாக வராது. நடுநாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தான்.

"எனக்கு ஒரு ஆள் வேணும். என் எஃகுப் பட்டறையை ஓட்டறதுக்கு. எக்ஸ்னு ஒருத்தி இருக்கா. வேற ஒரு கம்பெனில. அவ மாதிரி ஆள நான் பாத்ததில்ல. அங்க அவளுக்கு மதிப்பு இல்லைன்னு கேள்வி. ஆனா அவளோட முதலாளி..." அவன் தொப்பியைப் பார்த்தான். "முதலாளி எனக்குத் தெரிஞ்சவன். அவள நான் கூப்பிட்டா அது துரோகமான்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல."

எட்டுத் தலைகளும் மெதுவாக வெண்டல் பக்கம் திரும்பின. சுவரில் மாட்டியிருந்த மான் தலை ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு வருஷத்தில் இப்படி எல்லோரும் தன்னைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று வெண்டல் கவனித்தான். ஆள் விவகாரத்தில் இங்கே முதிர்ச்சி பெற்றவன் நான்தான், இவர்களுக்கும் அது புரிந்துவிட்டது, என் வாயைப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். உச்சி குளிர்ந்துவிட்டது அவனுக்கு.

மைலோதான் முதலில் வாயைத் திறந்தான். "ஏம்ப்பா வெண்டல், நார்பர்ட் சொல்றத கேக்கறப்ப உனக்குத் தெரிஞ்ச முகம் ஏதாவது ஞாபகம் வருதா?"

"வருது மைலோ."

நார்பர்ட் தொப்பியைத் திருகுவதை நிறுத்தினான். ட்வைட் மணியைக் கீழே வைத்தான்.

"அந்த முதலாளி முகம்," என்றான் வெண்டல். "அது நான்தான்."

ஆறு தலையாட்டிகளும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"அதாவது, பழைய நான். போன வருஷம் வரைக்கும் அந்த ஆளு மாதிரியேதான் இருந்தேன். பக்கத்துல இருக்கறவளோட அருமை தெரியாத மண்ணு. நல்லவேளை, இந்த வட்டம் என்னை மாத்திடுச்சு."

விட்ட மூச்சை எல்லோரும் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மைலோ இன்னொரு முறை முயன்றான். அவன் தொழில் அப்படி; வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பழகியவன். "நீ மாறிட்டேன்னு உன் ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. தினம் பதினஞ்சு நிமிஷம் கேக்கறேனே."

இதற்கு மேல் போனால் புத்தி சொன்ன மாதிரி ஆகிவிடும். ட்வைட்டின் விரல் மணியைத் தொட்டது. மைலோ காபி ஊற்றிக்கொள்ள எழுந்து போய்விட்டான்.

வெண்டல் நாற்காலியை நார்பர்ட் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் தன் ஆளோட அருமை தெரியாம இருந்தா, அது உன் தப்பா?"

"அப்படிங்கறியா?" நார்பர்ட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீயா இதைச் சொல்றே?"

"நான் எங்க சொன்னேன், கேள்விதானே கேட்டேன். இன்னொண்ணும் கேக்கறேன். அவகிட்ட சம்பளம், பதவின்னு பேசறதுக்கு முன்னாடி, 'நீ செய்யற வேலையில யாரு கண்ணுக்கும் படாத வேலை எது'ன்னு கேட்டிருக்கியா? கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கியா?"

அது நல்ல கேள்விதான். நேர்மையாகச் சொல்ல வேண்டும் அல்லவா, அந்தக் கூடத்தில் நாலு வருஷத்தில் யாரும் கேட்காத நல்ல கேள்வி. ஆறு பேரும் தங்களை அறியாமல் தலையாட்டினார்கள். நார்பர்ட் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். எழுதி முடித்து வெண்டலின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசார கேக்கறியா?" என்று இரண்டு தடவை கேட்டான். மனசாரத்தான் என்றான் வெண்டல்.

ஓட்டெடுப்பில் மீன் வெண்டலுக்கு வந்தது. மைலோவின் கைதான் கடைசியில் எழுந்தது, அதுவும் பாதி.

மீனை அவன் அலுவலகச் சுவரில் மாட்டித் தந்தது பெர்னடீன். அவனுக்குத் துளைபோடும் இயந்திரத்தைப் பிடிக்கத் தெரியாது. "கொஞ்சம் இடது பக்கம்," என்று அவன் சொல்ல, அவள் ஏணியில் நின்று நாலு திருகாணி முடுக்கி, அதன்மேல் மீனைத் தொங்கவிட்டாள்.

"எதுக்கு இந்தப் பரிசு?"

"நல்ல கேள்வி கேட்டதுக்கு."

"என்ன கேள்வி?"

"அதை வெளிய சொல்லக் கூடாது பெர்னி."

ஜனவரி கடைசி வாரம் அவள் தானாகவே உள்ளே வந்தாள். மணற்கடிகாரத்தை அவனுக்கு முன்னால் அவளே கவிழ்த்து வைத்தாள். கையில் ஒரு கடிதம்.

"வெண்டல், நான் போறேன். வர்ற மாசம் பதிமூணாம் தேதி வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "எங்க போறே? யாரு? எவ்வளவு தர்றான்? நான் அதுக்கு மேல தர்றேன்."

"அங்கயும் இதே சம்பளம்தான்."

"அப்புறம் ஏன்?"

அவள் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு என்னைக் காபி குடிக்கக் கூப்பிட்டாரு. போக வேண்டாம்னுதான் இருந்தேன். சும்மா போனேன். உக்காந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. தன் உள்ளங்கையைப் பாத்துக்கிட்டே கேட்டாரு. 'நீ செய்யற வேலையில யாரு கண்ணுக்கும் படாத வேலை எது'ன்னு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டாரு. ஒரு மணி நேரம் பேசினேன் வெண்டல். நடுவுல எனக்கு அழுகை வந்துடுச்சு, எனக்கே வெக்கமா போச்சு. பேசி முடிச்சதும், 'புதன்கிழமை மதியம் நீ வர வேண்டாம்'னாரு. அதை நான் கேக்கக்கூட இல்ல."

யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கேட்டான்.

"நார்பர்ட் வாண்டெஹே. உங்களுக்குத் தெரியும்ல?"

"இதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்லல?"

பெர்னடீன் எழுந்துபோய் மேசையிலிருந்த தோல் நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "சொன்னேன். எழுதிக்கிட்டீங்க."

அவள் போன பிறகு அவன் நோட்டைப் புரட்டினான். கதவு என்று எட்டு இடத்தில் இருந்தது. புதன் என்று ஐந்து இடத்தில். 'விற்பனை ஆட்கள் என்னைக் கேட்காமல் தேதி கொடுக்கிறார்கள்' என்று அவள் சொன்னதை 'மனத்தாங்கல்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தான். எல்லாம் அவன் கையெழுத்துதான். மறுக்க வழியில்லை.

பிப்ரவரி இரண்டாவது வியாழக்கிழமை வட்டத்துக்கு அவன் மீனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். யாரை முதலில் திட்டுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனான். கூட்டம் ஆரம்பித்ததும் போன மாத வாக்குறுதிகளை எல்லோரும் ஒப்பிக்க வேண்டும். நார்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டு, "எக்ஸ் சேரச் சம்மதிச்சுட்டாங்க," என்றான். விதிப்படி எல்லோரும் கை தட்டினார்கள். அப்படி ஒரு மெலிந்த கைதட்டலை அந்த மான் தலைகூடக் கேட்டிருக்காது.

வெண்டல் எழுந்து நின்றான். "எக்ஸ் யாருன்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்?"

எல்லார் கண்ணும் காபிக் கோப்பைக்குள் போயிற்று. அதிலேயே எண்ணிக்கை தெரிந்துவிட்டது.

"பெயர் வேண்டாம் வெண்டல்," என்றான் ட்வைட்.

"உங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன்கூடச் சொல்லல."

"கேள்வியாத்தானே கேக்க முடியும்," என்றான் மைலோ. "ரெண்டு தடவை கேட்டேன். நீ பழைய நானு புதிய நானுன்னு போயிட்டே. உன்கிட்ட மனசார கேக்கறியான்னு அவனும் ரெண்டு தடவை கேட்டான்."

நார்பர்ட் தலையைத் தூக்கினான். கண் சிவந்திருந்தது. "நீ பெருந்தன்மையா விட்டுக்கொடுக்கறேன்னு நெனச்சேன்ப்பா. வீட்டுல போய் எக்ஸ்கிட்ட சொல்லி அழுதேன்."

அவன் சொன்ன எக்ஸ் மனைவி. திட்டுவதற்காக எழுந்த வெண்டல் உட்கார்ந்துவிட்டான். இந்த மனுஷன் நிஜமாகவே அழுதிருக்கிறான் என்று தெரிந்தது.

ட்வைட் நாற்காலியை முன்னுக்கு இழுத்தான். குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டான். "வெண்டல், இப்ப உனக்குள்ள என்ன தோணுது? நிதானமா சொல்லு. உனக்கு இடம் இருக்கு."

"நாளைக்கு அவளுக்குக் கடைசி நாள்," என்றான் வெண்டல். "நான் இங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்?"

மீனை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தான். இந்த மாத ஓட்டெடுப்பு முடியும்வரை அது உன் பொறுப்பு என்றான் ட்வைட். மீனையும் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

இரண்டாவது வியாழக்கிழமை முதலாளி தொழிற்சாலை வாசலில் வந்து நின்றதைப் பார்த்த வெல்டிங் ஆள், முகமூடியைத் தூக்கிவிட்டு, யார் செத்தது என்று கேட்டான். வெண்டல் மீனைப் பழைய இடத்தில் தொங்கவிட்டு, நேராகப் பெர்னடீனிடம் போனான். கையில் நோட்டு இல்லை, மணலும் இல்லை.

"பெர்னி, அந்தக் கேள்விய நானும் கேக்கலாமா?"

அவள் சிரித்தாள். கோபமாக இல்லை. "இப்பவா?"

"இப்பத்தான்."

இரண்டு மணி நேரம் அவனைத் தொழிற்சாலை முழுக்க நடத்திக் காட்டினாள். எந்த இயந்திரத்தை எந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும், மாவட்டச் சாலைத்துறையில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும், எந்த ஆளுக்குத் திங்கட்கிழமை காலையில் கனமான வேலை கொடுக்கக் கூடாது, அது ஏன். வெண்டலுக்குப் பாதி புரியவில்லை. புரியாததைப் புரியவில்லை என்றே சொன்னான். கடைசியில் அவன், "இருந்துடேன் பெர்னி," என்றான். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினான்.

"இதை நவம்பர்ல கேட்டிருந்தா இருந்திருப்பேன்," என்றாள். மறுநாள் சாயங்காலம் மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். ஞாயிறு முழுக்கப் பனி கொட்டியதால் மூன்று மாவட்டத்துக்குத் தகடு போயாக வேண்டும். ஐந்து மணிக்கு வெண்டல் கெட்டிலோடு சரக்குக் கதவு முன்னால் நின்றான். ஊற்றினான். ஊற்றிய தண்ணீர் பூட்டின் மேலேயே உறைந்தது. மறுபடி ஊற்றினான், பாதி பூட்ஸுக்குள் போயிற்று. சாவி அசையவில்லை. ஐந்தரைக்கு லாரி வந்து, ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினான்.

"பெர்னி எங்க?"

"போயிட்டா."

"அவ எப்படித் திறப்பான்னு பாத்திருக்கீங்களா?"

வெண்டல் கெட்டிலைப் பார்த்தான். "இல்ல," என்றான். மூன்று குளிர்காலத்தில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

வேறு வழியில்லாமல் அவளுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள். நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிற பழக்கம் இன்னும் போயிருக்காது. அவன் என்ன கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சாவியை முதல்ல இடது பக்கம் கொஞ்சம் திருப்புங்க. அப்புறம் தண்ணி. அப்புறம் வலது பக்கம்."

கதவு திறந்தது. அவன் நன்றி சொல்ல ஆரம்பித்தான். அவள் நிறுத்தினாள்.

"வெண்டல், அந்தப் பூட்டை மாத்திடுங்க. அலமாரியில கீழ்த்தட்டுல புதுசு இருக்கு. நான் வாங்கி வச்சது. நீங்க சரின்னு சொல்றதுக்காக வச்சிருந்தேன்."

விடிந்ததும் அலமாரியைத் திறந்தான். பூட்டு இருந்தது, உறை பிரிக்காமல், அவள் கையெழுத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதியோடு. திருகாணி மட்டும் இல்லை. அவள் திருகாணிகளை எங்கே வைப்பாள் என்று அவன் கேட்டிருக்கவில்லை. அலுவலகத்துக்குப் போய் மீனைச் சுவரிலிருந்து இறக்கி, அது தொங்கிய நாலு திருகாணியையும் கழற்றி எடுத்து வந்தான். துளைபோடும் இயந்திரத்தைப் பிடித்து அவனுக்குப் பழக்கமில்லை. அப்படியும் வேலை இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது.